சபைக் கணக்கில் எழுதாத செலவு
(ஸ்ரீ கெம்பாங்கானில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிறிஸ்தவ விசுவாசமும் இயற்கையைப் பேணுதலும் என்ற தலைப்பைக் கொடுத்து, அன்றாட வாழ்க்கையை விட்டு விலகாமல் பேசவேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நல்ல நிபந்தனை. மேடையில் இயற்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வானம், கடல், மலை என்று நாக்கு தானாகவே உயரப் போய்விடும். கேட்பவர்களும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்று நான் சமையற்கட்டையும் மண்டபத்துப் பின்கட்டையும் பின்சந்துச் சாக்கடையையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். ஆண்டவர் படைத்ததில் நாம் எதை எடுக்கிறோம், எதைச் செலவழிக்கிறோம், எதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று கணக்கு எழுதவேண்டும். காணிக்கைக்கு ரசீது போடும் சபை இந்தக் கணக்கையும் எழுதக் கடமைப்பட்டது.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாயாவின் அவசரகாலத்தில், ஆங்கில அரசின் பிரிக்ஸ் குடியேற்றத் திட்டத்தின்கீழ், சுற்றுவட்டாரத்தில் சிதறி வாழ்ந்த மக்களை, பெரும்பாலும் சீனர்களை, வேலிக்குள் குடியேற்றிய செர்டாங் புதுக்கிராமம்தான் இன்றைய ஸ்ரீ கெம்பாங்கானின் கரு. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கே பால்மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். பக்கத்தில் ஈயம். சுங்கை பீசியை ஒட்டியிருந்த ஹோங் பாட் சுரங்கம் உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் வாங்கியது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அந்தக் காலத்தோடு இந்த வட்டாரத்தில் சுரங்கத் தொழில் ஓய்ந்தது. வெட்டிய குழியில் தண்ணீர் நின்று ஏரியானது. அந்த ஏரிக்கரையில்தான் இன்று 'தி மைன்ஸ்' பேரங்காடி நிற்கிறது. கட்டடத்துக்குள்ளேயே கால்வாயில் படகு விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பொழுதுபோக்கு. அடியில் இருந்த ஈயம் எங்கே போனது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, நாமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பூச்சோங் பக்கம் திரும்பினால் ஆயர் ஹீத்தாம் காடு. 1906-இல் அதை வனக்காப்பகமாக அறிவித்தபோது 4,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 1996-இல் இன்றைய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்திடம் 80 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தபோது மிஞ்சியது 1,248 ஹெக்டேர். தொண்ணூறு ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வீடாக, சாலையாக, கடையாகப் போயிருக்கிறது. அந்த வீடுகளில் நாமும் குடியிருக்கிறோம். அதே ஆயர் ஹீத்தாமில்தான் 1995 முதல் 2006 இறுதி வரை நம் வட்டாரத்தின் குப்பையைக் கொட்டிப் புதைத்தார்கள். புதைத்த குப்பையிலிருந்து கிளம்பிய வாயுவைக் கொண்டு 2004-இல் மின்சாரம்கூட எடுக்கத் தொடங்கினார்கள். இடம் நிறைந்ததும் குப்பை லாரிகள் ஜெராமுக்குத் திரும்பின. ஊருக்கு நடுவே ஓடும் குயோ ஆறு பூச்சோங் வழியாகப் போய்க் கிள்ளான் ஆற்றில் சேருகிறது. நம் சாக்கடைகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். அது ஆறு என்று தெரியாமலே அதன் பாலத்தை நாள்தோறும் கடக்கிறவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள்.

தோண்டி முடித்த குழி, மிஞ்சி நிற்கும் காடு, புதைத்த குப்பை, சாக்கடையாகிவிட்ட ஆறு. நம் வேதபாடம் இவற்றுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இந்த நிலத்தைப் படிக்க எனக்குக் கண் கொடுத்தவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர், தொழிலால் கணக்காளர். பெயர் ஜே.சி. குமரப்பா. மலேசியத் தமிழ்ச் சபைகளில் அவர் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. அந்தக் குறையை இன்று கொஞ்சமாவது தீர்க்க விரும்புகிறேன்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது இயற்பெயர். தந்தை பொதுப்பணித் துறையில் அதிகாரி. வீட்டில் ஜெபமும் ஒழுங்கும் உண்டு. லண்டனில் கணக்காளர் படிப்பை முடித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1927-இல் அமெரிக்கா போய் சிராக்கியூஸிலும் கொலம்பியாவிலும் படித்தார். ஆங்கில ஆட்சியின் வரி இந்தியாவின் வறுமையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஊர் திரும்பிய அவர் 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைப் பார்க்கப் போனார். சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த மனிதர்தான் காந்தி என்று தெரிந்ததும், மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அதே தரையில் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அதற்குப்பின் கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயருக்குப் பதிலாகக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். விசுவாசத்தை மட்டும் விடவில்லை. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயராகக் கல்கத்தாவில் இருந்த ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதி, இயேசுவின் சீடர்கள் நிற்கவேண்டிய பக்கம் எது என்று வாதாடினார்.

1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானபோது அதன் செயலாளரானார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இருந்து வேலை செய்தார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று அவருடைய அன்றாடம் போனது. கெரசின் விளக்குக்குப் பதிலாக, உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை அங்கே உருவாக்கினார்கள். ஒரு விளக்கைத் திருத்துவதா பொருளாதாரம் என்று அன்று பலர் சிரித்திருக்கலாம். குமரப்பாவுக்கு அந்த விளக்கு முக்கியம். கெரசின் நிலத்தடியிலிருந்து எடுத்தது, எடுத்தால் தீர்ந்துபோவது. எண்ணெய் வித்து அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைப்பட்டு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது. மற்றது, நிலைத்த பொருளாதாரம் என்று நாம் தமிழில் சொல்லத்தக்க நூல். இரண்டுக்கும் முன்னுரை எழுதியவர் காந்தி. ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்ட இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பது தவறு என்பது என் துணிபு. பொருளாதாரம் படிப்பவர்கள் முதல் நூலைத் தொடுவதில்லை, சபையார் இரண்டாவதைத் தொடுவதில்லை. இழப்பு இருவருக்கும்.

நிலைத்த பொருளாதாரத்தில் அவர் முதலில் செய்வது கணக்காளரின் வேலை. இயற்கை தரும் பொருள்களை இரண்டு பேரேட்டில் எழுதுகிறார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத்தாது, செம்பு, தங்கம் போன்றவை ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் உள்ளவை. எடுக்க எடுக்கக் குறைந்து முடிந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றுநீர், வளர்ந்துகொண்டிருக்கும் காட்டு மரம் ஆகியவை, வளர்கிற அளவுக்குள் எடுத்தால், நிலைத்திருப்பவை. முதல் பேரேட்டை நம்பிக் கட்டிய வாழ்க்கை போட்டியிலும் போரிலும் போய் முடியும் என்றும், இரண்டாவதை நம்பியது சமாதானத்துக்கு இடம் தரும் என்றும் அவர் வாதாடுகிறார். அடுத்து உயிரினங்களைப் பார்க்கிறார். தான் ஒட்டிய உயிரையே கொன்று தின்னும் ஒட்டுண்ணி. மாந்தோப்பில் பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டு, அந்தத் தோப்புக்கு எதுவும் செய்யாமல் போகும் குரங்கு. தேன் எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீ. தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காக உழைக்கும் அதே தேனீக் கூட்டம். எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. மனிதருடைய பொருளாதாரமும் இந்தப் படிகளில் எங்கோ ஒன்றில்தான் நிற்கிறது என்கிறார். பிற்பாடு ஷூமாக்கர் எழுதிய 'சிறியதே அழகு' நூல் உலகம் முழுக்கப் பேசப்பட்டபோது, அதற்குள்ளும் குமரப்பாவின் குரல் இருந்தது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். ஈயம் முதல் பேரேடு, ஆயர் ஹீத்தாம் இரண்டாவது. ஈயத்தை எடுத்து முடித்தோம். அது முடியக்கூடியது என்பதால் அதில் வியப்பில்லை. முடியவே வேண்டாத காட்டையும் ஆற்றையும் முதல் பேரேட்டில் எழுதிச் செலவழித்ததுதான் நம் தலைமுறை செய்த பெரும்பிழை.

கிறிஸ்தவர்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பூமியை ஆண்டுகொள்ளச் சொல்வதால்தான் இந்த அழிவெல்லாம் என்று லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1967-இல் எழுதினார். அதற்கு இறையியலாளர்கள் நிறையப் பதில் எழுதிவிட்டார்கள். இரண்டாம் அதிகாரம் மனிதனைத் தோட்டத்தில் வைப்பது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்பதும், ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு என்ற நியமமும், முற்றுகைப் போரில்கூடக் கனிதரும் மரத்தை வெட்டக்கூடாது என்ற உபாகமக் கட்டளையும் உங்களுக்குத் தெரிந்தவை. மறைந்த போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் வந்தபின் இதில் வாதத்துக்கு அதிக இடமில்லை. ஆங்கிலிக்கரும் லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும் இதையே தங்கள் மொழியில் சொல்லியிருக்கிறார்கள். வசனம் நம்மிடம் போதுமான அளவுக்கு இருக்கிறது. நமக்கு வராதது கணக்கு.

அதனால் நான் ஒரே ஒரு வேதப்பகுதியில் மட்டும் நிற்கிறேன். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஐந்து அப்பம், இரண்டு மீன், அற்புதம். பிரசங்கம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அதற்கடுத்து ஒரு கட்டளை இருக்கிறது: மிச்சத் துணிக்கைகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வையுங்கள் என்று ஆண்டவர் சீடர்களிடம் சொல்கிறார். சேர்க்கிறார்கள், பன்னிரண்டு கூடை நிறைகிறது. இல்லாததிலிருந்து உண்டாக்கத் தெரிந்தவருக்கு மிச்சத்தைப் பற்றி என்ன கவலை? வேண்டுமானால் நாளைக்கும் உண்டாக்கிக்கொள்ளலாமே! ஆனாலும் சேர்க்கச் சொன்னார். எத்தனை கூடை என்று எண்ணியும் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் தொகையோடு மிச்சத்தின் தொகையையும் சுவிசேஷம் பதிவு செய்கிறது.

நம் சபை விருந்துகளில் சாப்பிட்டவர்கள் தொகையை மட்டும் எழுதுகிறோம். ஆண்டு விழா ஆராதனை முடிந்து பந்தி நடக்கிறது என்று வையுங்கள். நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், பருப்பு, அச்சார், அப்பளம். தட்டு நெகிழி, கரண்டி நெகிழி, தண்ணீர் சின்னப் போத்தலில். பிள்ளைகள் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போத்தலை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். மூடி திறந்த போத்தல் யாருடையது என்று தெரியாததால் இன்னொன்றைத் திறக்கிறார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் மண்டபம் காலி. பின்கட்டில் நாலைந்து பெண்கள் மட்டும் நிற்கிறார்கள். வாலிபர் சங்கத்துப் பையன் அண்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்: "ஆன்ட்டி, மிச்சச் சோத்த என்ன செய்யறது?" "யாருக்கும் வேணாமாம்யா. கறுப்புப் பையில கட்டிடு." பொரித்த எண்ணெய் வாணலியில் இருக்கிறது. வெளிக் குழாயடியில் சாய்த்து, மேலே சவுக்காரத் தண்ணீரை ஊற்றித் தள்ளுகிறார்கள். நானும் அந்தக் குழாயடியில் நின்று அண்டா கழுவியிருக்கிறேன். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்த் தூங்கும் நேரத்தில் அவர்கள்தான் சபையின் பாரத்தைச் சுமக்கிறார்கள். மிச்சத்துக்கு ஒரு வழி செய்யாமல் விருந்துக்குத் திட்டம் போட்ட கமிட்டியைத்தான் கேட்கவேண்டும்.

அந்த எண்ணெய் எங்கே போகிறது? குழாயடியிலிருந்து பின்சந்துச் சாக்கடைக்கு. அங்கே கொஞ்சம் உறைந்து சுவரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த கனமழையில் தண்ணீர் ஓட முடியாமல் அடைக்கிறது. மீதி குயோ ஆற்றுக்குப் போகிறது. தண்ணீர்மேல் எண்ணெய் படலமாக விரிந்து காற்று உள்ளே கலப்பதைக் குறைக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. கிள்ளான் ஆற்றில் மிதக்கும் குப்பையை வாரி எடுக்க 2019-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் அமைப்பின் இயந்திரப் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போத்தலையும் பையையும் அது அள்ளும். நாம் ஊற்றிய எண்ணெயை அள்ளாது. பழைய சமையல் எண்ணெயைக் கிலோ கணக்கில் விலைகொடுத்து வாங்கி எரிபொருளாக மாற்றுகிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். ஒரு டின்னும் புனலும் வாங்கி வைத்தால் போதும். சோற்றைப் பொறுத்தவரை, இந்த நாட்டில் நாள்தோறும் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேருகிறது என்று திடக்கழிவுக் கழகம் சொல்லிவருகிறது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இன்னும் சாப்பிடத்தக்க நிலையில் இருப்பது. நம் மண்டபத்துக் கறுப்புப் பை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

அறுப்பின் பண்டிகையைப் பற்றியும் சொல்லவேண்டும். தோட்டத்து நாட்களில் அந்த ஞாயிறன்று பீடத்துக்கு முன்னால் வந்து நின்றவை லயத்துக்குப் பின்னால் விளைந்தவை: முருங்கைக்காய், வெண்டைக்காய், மரவள்ளிக்கிழங்கு, கரும்பு, ஒரு வாழைத்தார், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். விளைவித்தவர் கையிலிருந்து ஆண்டவருக்கு முதற்பலன் போனது. இன்று அதே ஏலத்துக்குப் பேரங்காடியில் பளபளக்கும் தாளில் சுற்றிய பழக்கூடை வருகிறது. காணிக்கைத் தொகை கூடியிருக்கிறது, மண்ணோடிருந்த உறவு போய்விட்டது. அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் வாழைத்தாருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம். கறிவேப்பிலையும் பண்டான் இலையும் தொட்டியில் வளரும். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை வளர்த்தவர் கொண்டுவந்து பீடத்தில் வைத்தால், இருநூறு ரிங்கிட் பழக்கூடைக்கு முன்னால் அதை முதலில் ஏலம் கூறுங்கள்.

தோட்டம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இயற்கையைப் பேணுதல் என்றால் மரம் நடுவது என்று மட்டும் நம் பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. இந்த நாட்டின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி அடித்தவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். முதுகில் மருந்துத் தொட்டி, கையில் தெளிப்பான், தோட்டங்களில் பலருக்கு முறையான கையுறையோ முகமூடியோ கிடையாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி புல்லை மட்டும் எரிக்கவில்லை. நகம் கருத்து விழுந்தது, கண் எரிந்தது, மூச்சு வாங்கியது. 'மருந்து வேலை' என்றுதான் அதை வீட்டில் சொன்னார்கள்.

அந்தப் பெண்களின் வார்த்தையை நாட்டுக்குக் கேட்கவைத்தவர்களில் முதன்மையானவர் ஐரின் பெர்னாண்டஸ். 1946-இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்த கத்தோலிக்கர். ஆசிரியை வேலையை விட்டுத் தொழிலாளரிடம் போனவர். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர். பார், தீர்ப்பிடு, செயல்படு என்ற அந்த இயக்கத்தின் முறையை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார் என்றுதான் சொல்வேன். 1991-இல் அவர் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து அவர்களுடைய உடலில் மருந்து செய்ததைப் பதிவு செய்து 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. ஐரின் 2014 மார்ச் 31 அன்று இறந்தார். முழுத்தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. இடையில் குடியேறிய தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களைப் பற்றி எழுதியதற்காக வழக்கு, தண்டனை, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நீதிமன்றம், 2008-இல் விடுதலை. சிருஷ்டியைப் பற்றிய பாடத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழைப் படத்தோடு இவருடைய படத்தையும் காட்டுங்கள். நாம் அப்பளம் பொரிக்கும் எண்ணெய் செம்பனை எண்ணெய். அது எந்தக் கைகளின் வழியாக வந்தது என்பதும் வீட்டுக் கணக்கில் ஒரு வரி.

இங்கே ஒரு மறுப்பு எழும். உண்மையான மறுப்பு என்பதால் அதற்கு நேராகவே பதில் சொல்லவேண்டும். "நாங்க கரண்டி எண்ணெயப் பிடிச்சு வெச்சா ஆறு சுத்தமாயிடுமா? பெரிய பெரிய பேக்டரிக்காரன் கொட்டறான், அவன யாரு கேக்கறா?" 2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள்; கிள்ளான் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே செமினி ஆற்றில் நாற்றம் கண்டு, நம் பெட்டாலிங் மாவட்டத்துக்கும் தண்ணீர் வராமல் போனது. வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்றது நினைவிருக்கும். மறு ஆண்டு டிசம்பரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டி, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் ஏறியது. சபைகளும் கோயில்களும் குருத்வாராக்களும் பொட்டலம் கட்டிக் கொடுத்தன. அந்த நாட்களில் எண்ணெய் டின்னைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கோபம்தான் வரும்.

மறுப்பில் பாதி சரி. பெரிய கேட்டுக்குப் பெரியவர்கள்தான் பொறுப்பு. சிறியவர்களைச் சிக்கனம் செய்யச் சொல்லிப் பெரியவர்களைத் தப்பவிடும் போதனை பொய்ப் போதனை. ஆனால் கேட்பதற்கு யாருக்கு வாய் வரும்? குமரப்பாவிடம் திரும்பிப் போகிறேன். 1934-இல் பீகாரில் நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா என்று வரம்பு வைத்திருந்தார். காந்தியும் அவருடைய குழுவும் வந்தபோது அவர்களுடைய சாப்பாட்டுக்கு அதற்குமேல் ஆயிற்று. நிவாரண நிதியிலிருந்து கூடுதலாகக் கொடுக்க முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார் என்பார்கள். காந்தியிடமே கணக்குக் கேட்டவர், பேராயரிடம் கேட்டார், வைசிராயின் அரசாங்கத்திடமும் கேட்டார். தன் மூன்று அணாவுக்குக் கணக்கு வைத்தவர் என்பதால் அந்தக் கேள்விக்கு எடை இருந்தது.

நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கோலா லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில், தெமுவான் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வாதாரமாகக் கொண்ட கரிச்சதுப்புக் காட்டில், ஏறக்குறைய முழுவதையும் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் 2020-இல் வெளியானது. பல்லாயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். 2021-இல் 500 ஹெக்டேருக்கு மேல் நீக்கிவிட்ட செய்தி வந்ததும் எதிர்ப்பு இன்னும் வலுத்தது. செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. ஆட்சேபக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் போதும். அந்தக் கடிதத்தை ஆராதனை முடிந்து வாசலில் ஒரு மேசை போட்டுக் கையெழுத்துக்கு வைக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அதை அரசியல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தண்ணீரும் காடும் பூர்வகுடிகளின் வீடும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பேசாமல் இருப்பதும் அரசியல்தான் என்பது என் கருத்து.

இனி வேண்டுகோள். ஒவ்வொரு சபையும் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவு அறிக்கையை அச்சிட்டுக் கையில் கொடுக்கிறது. பொருளாளர் வாசிக்கிறார், தணிக்கையாளர் கையெழுத்துப் போடுகிறார், யாராவது ஒருவர் எழுந்து மின்விசிறிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கிறார். நல்ல பழக்கம். அந்த அறிக்கையோடு இன்னொரு பக்கத்தைச் சேருங்கள். ஆண்டு முழுக்கச் சபைக்கு வந்த தண்ணீர்க் கட்டணம் எத்தனை கனமீட்டருக்கு, மின்சாரம் எத்தனை அலகுக்கு, விருந்துகளில் எத்தனை நெகிழித் தட்டு, எத்தனை போத்தல், எத்தனை கிலோ சோறு மிஞ்சியது, அது யாருக்குப் போனது, எத்தனை லிட்டர் பழைய எண்ணெயைச் சேர்த்து விற்றோம் என்று எழுதுங்கள். முதல் ஆண்டு எண்கள் வெட்கப்படும்படிதான் இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள், எழுதினால்தான் அடுத்த ஆண்டு குறைக்கமுடியும். விருந்து வைக்கும் கமிட்டியில் மிச்சத்துக்கு என்று ஒருவரை நியமியுங்கள். அவர் ஆணாக இருக்கட்டும். பின்கட்டில் பெண்கள் நின்றது போதும். வாலிபர் சங்கம் ஆண்டில் ஒரு சனிக்கிழமையாவது குயோ ஆற்றங்கரையில் நடந்து, எந்தக் குழாயிலிருந்து என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று தேதியோடு படமெடுத்து, சுபாங் ஜெயா மாநகர் மன்றத்துக்குச் சபையின் கடிதத்தாளில் அனுப்பட்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பட்டும்.

இந்த அறக்கட்டளைக் குழுவிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு இதே மேடையில், சொற்பொழிவு தொடங்குவதற்கு முன், இந்த வட்டாரத்துச் சபைகளில் எத்தனை அந்த ஒரு பக்கக் கணக்கை எழுதின என்று வாசியுங்கள். எழுதிய சபைகளின் பெயரோடு வாசியுங்கள்.